அம்பாசடரின் கூரைத் துணி: கழற்றுவதும் திரும்ப மாட்டுவதும்

பின் சீட்டில் உட்கார்ந்தால் மேலே தொங்கும் துணி தலையில் உரசுகிறதா? ரெக்ஸின் விரிசல் விட்டு, கதவைச் சாத்தும்போதெல்லாம் மடியில் தூள் கொட்டுகிறதா? கடைக்குப் போகும் முன் ஒன்று செய்யுங்கள். கூரைத் துணியில் குறுக்காகத் தையல் ஓடும் இடத்தை விரலால் மேல்நோக்கி அழுத்திப் பாருங்கள். உள்ளே கம்பி தட்டுப்பட்டால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அட்டை போலக் கெட்டியாக, ஒரே பலகையாக இருந்தால் அது அட்டைமேல் ஃபோமும் துணியும் ஒட்டிய பிற்கால வகை. அந்த வேலையே வேறு.

என்னிடம் இருப்பது 1972 அம்பாசடர் மார்க் 2. மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைப் பார்த்து மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் வார்த்த வண்டி என்பதால், கூரை வேலையும் அந்தக் காலத்து ஆங்கிலேயப் பாணியில்தான் இருக்கும். பழைய ஃபியட், மாரிஸ் மைனர், பீட்டில் என்று கம்பியில் துணி தொங்கும் எந்த வண்டிக்கும் முறை ஏறக்குறைய இதுவே. அளவும் கம்பி எண்ணிக்கையும்தான் மாறும்.

துணி எப்படி நிற்கிறது

இந்தத் துணி கூரைத் தகட்டோடு ஒட்டியிருக்கவில்லை, தொங்குகிறது. வண்டிக்கு வண்டி மூன்றிலிருந்து ஐந்து வரை, வில் போல வளைந்த எஃகுக் கம்பிகள் குறுக்கே இருக்கும். ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளும் கதவுகளுக்கு மேலே ஓடும் பக்கச் சட்டத்து ஓட்டைகளில் உட்கார்ந்திருக்கும். துணித் துண்டுகள் சேரும் தையலின் மேல்பக்கத்தில், பாவாடையில் நாடா கோக்க மடித்துத் தைப்பார்களே, அதைப் போல ஓர் உறை. கம்பி அதற்குள் ஓடும். பசை இருப்பது ஓரங்களில் மட்டும். முன் கண்ணாடி, பின் கண்ணாடி, கதவு விளிம்பு ஆகிய இடங்களில் துணி மடிந்து ஒட்டியிருக்கும். அதன்மேல் ரப்பர் பீடிங் ஏறி மறைத்துவிடும்.

இது புரியாமல், தொங்குகிறதே என்று ஸ்ப்ரே பசை அடித்துத் துணியைத் தகட்டோடு அப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சித்திரை வெயில் தாங்காது. அப்புறம் கழற்றும்போது துணி, பசை, துரு எல்லாம் சேர்ந்து கையோடு வரும்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த குஷன் கடைப் பெரியவர் சொன்னது ஒன்றுதான்: "சுருக்கத்தைப் பாக்காதே தம்பி, தையலைப் பாரு." கம்பியோடு ஓடும் தையல் நேராக இருந்தால் சுருக்கம் தானாக வழிக்கு வரும். தையல் கோணலாகிவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் ஒரு மூலையில் சுருக்கம் போய் இன்னொரு மூலையில் எட்டிப் பார்க்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு லைனிங், அதாவது ஒரு முழுக் கூரைத் துணி, செலவானது.

வாங்க வேண்டியவை

துணி ரெக்ஸினாக இருந்தால் பின்புறம் பின்னல் துணி உள்ள, மெல்லிய, கொஞ்சம் இழுபடும் ரகம் கேளுங்கள். சீட்டுக்குப் போடும் தடித்த ரெக்ஸின் மூலைகளில் மடங்காது. சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கிறது. துண்டாக ஒரு சாம்பிள் வாங்கி வந்து, பழைய துணியில் வெயில் படாத ஓரத்தோடு வைத்து நிறம் பாருங்கள். நடுவில் பார்த்தால் ஐம்பது வருடப் புகையின் நிறத்தைத்தான் வாங்கி வருவீர்கள். பொதுவாகச் சுருள் அகலம் 54 அங்குலம். நான்கு மீட்டர் வாங்கினால் ஒரு துண்டு வெட்டுத் தவறினாலும் கவலை இல்லை.

உறைக்குக் காடா துணி ஒன்றரை மீட்டர். நூல் பாலியஸ்டர் அல்லது நைலான். பருத்தி நூல் வேண்டாம், முன்பு இற்றுப்போனதே அதுதான். பசைக்கு ரப்பர் பசை, அதாவது ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற ரகம். வெள்ளை ஃபெவிகால் இதற்கு உதவாது. இவை தவிர ஐம்பது அறுபது பைண்டர் கிளிப் (துணி காயப்போடும் கிளிப்பும் ஆகும்), முனை மழுங்கிய பட்டி பிளேடு, சாக்குக்கட்டி, மாஸ்கிங் டேப், நாலைந்து மில்லிமீட்டர் தடிமனில் ஆறு மீட்டர் நைலான் கயிறு. முன், பின் கண்ணாடி ரப்பர் இறுகிப் போயிருந்தால் அதையும் புதிதாக வாங்கிவிடுங்கள். கழற்றிய பழைய ரப்பர் திரும்ப ஒழுகாமல் உட்காருவது அபூர்வம்.

நாளையும் பார்த்து ஆரம்பியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரப்பர் பசை சரியாகப் பிடிக்காது. ஈரக்காற்றில் அதன்மேல் பூத்தாற்போல மெல்லிய ஒரு படலம் வரும், ஒட்டினது போல இருந்து ஒரு வாரத்தில் விட்டுவிடும். மாசி, பங்குனி வெயில் இந்த வேலைக்கு நல்ல துணை. இரண்டு வார இறுதிகள் ஒதுக்குங்கள்.

கழற்றுதல்

முதலில் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். உள் விளக்கு வயர் கூரைக்குள் ஓடுகிறது. பழைய துணிக்காப்பு வயராக இருந்தால் தொட்டாலே உதிரும்.

அடுத்து போட்டோ. ஒவ்வொரு மூலையையும், ஒவ்வொரு திருகையும், பீடிங் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். சன் வைசர், உள் கண்ணாடி, விளக்கு, கைப்பிடி ஆகியவற்றின் திருகுகளைத் தனித்தனிப் பாக்கெட்டில் போட்டுப் பெயர் எழுதுங்கள். பின் சீட்டையும் சாய்மானத்தையும் வெளியே எடுத்துவிட்டால் நிற்க இடம் கிடைக்கும். முன் சீட்டும் வெளியே இருந்தால் கழுத்து பிழைக்கும்.

பிறகு கண்ணாடி. கழற்றாமலே ரப்பர் உதட்டுக்கு அடியில் துணியைச் செருகிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யலாம், முன் விளிம்பில் அலை அலையாக நிற்கும். நான் கழற்றத்தான் சொல்வேன். ரப்பரின் நடுவில் குரோம் பட்டி இருந்தால் அதை முதலில் மெதுவாக உருவுங்கள். வெளியே ஒருவர் கண்ணாடியைத் தாங்கி நிற்க வேண்டும். உள்ளே நீங்கள் ரப்பரின் உள் உதட்டைச் சோப்புத் தண்ணீர் தொட்ட பட்டி பிளேடால் தூக்கிக்கொண்டே, மேல் மூலையில் உள்ளங்கையால் ஒரே சீராகத் தள்ளுங்கள். முஷ்டியால் குத்தக் கூடாது. கண்ணாடியை வீட்டுக்குள் கட்டில்மேல் போர்வை விரித்துப் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்த கண்ணாடி என்ன ஆகும் என்பது பூனை வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

கதவு பீடிங்கை உருவியபின் துணியின் ஓரங்களைச் சுற்றிலும் விடுவியுங்கள். கிழியாமல் எடுக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கந்தல்தான் உங்கள் அளவுத் துணி. பிடிவாதமாக ஒட்டியிருக்கும் இடத்தில் ஹேர் டிரையர் காட்டினால் பழைய பசை இளகும்.

இனி கம்பிகள். முன்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். எடுக்கும் முன்பே ஒவ்வொரு கம்பியின் வலது முனையிலும் டேப் சுற்றி எண் எழுதுங்கள். 1 வலது, 2 வலது என்று. பார்வைக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். நீளமும் வளைவும் வேறு வேறு. முதல் தடவை நான் எண் எழுதவில்லை. இரண்டாவது கம்பியும் மூன்றாவதும் இடம் மாறி, புதுத் துணி நடுவில் குழி விழுந்தாற்போல நின்றது. எங்கே தப்பு என்று தெரியாமல் இரண்டு நாள் துணியை இழுத்து இழுத்து, கடைசியில் தையலே பிரிந்துவிட்டது. ஒரு லைனிங் செலவானது என்று சொன்னேனே, அது இப்படித்தான்.

கம்பி விறைப்பில் இருக்கும், முனை ஓட்டையிலிருந்து விடுபடும்போது துள்ளும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு முனையை உள்நோக்கி வளைத்து எடுத்து, கம்பியைச் சாய்த்து மறுமுனையை விடுவிக்க வேண்டும். ஒரு முனைக்கு இரண்டு மூன்று ஓட்டைகள் இருந்தால் எதில் இருந்தது என்று பெயின்ட் பொட்டு வையுங்கள். ஓட்டையில் ரப்பர் புஷ் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். சில வண்டிகளில் கடைசிக் கம்பியைப் பின்பக்கச் சட்டத்தோடு சிறு கொக்கிக் கம்பிகள் பிடித்திருக்கும். துணியை முன்னுக்கு இழுக்கும்போது கம்பி சாயாமல் இருக்க வைத்தவை அவை. தேவையில்லாதது என்று எறிந்துவிடாதீர்கள்.

கூரையின் உள்பக்கம்

துணி போனதும் தெரிவது பெரும்பாலும் துரு, தூள், பழைய ஃபெல்ட். என் வண்டியில் ஒரு காலிக் குளவிக்கூடும் இருந்தது. ஃபெல்ட்டையோ கண்ணாடிப் பஞ்சையோ சுரண்டும்போது முகமூடியும் முழுக்கைச் சட்டையும் அவசியம். கண்ணாடி உட்காரும் விளிம்பையும் கம்பி ஓட்டைகளையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். மழைத் தண்ணீர் ரப்பருக்குள் நின்று முதலில் அரிப்பது கண்ணாடி விளிம்பைத்தான். தகடு ஓட்டையாகியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, தகடு வேலை செய்யும் டிங்கரைக் கூப்பிடுங்கள். லைனிங் போட்டபிறகு கூரையில் வெல்டிங் வைக்க முடியாது. மேலோட்டமான துரு என்றால் துரு மாற்றி (ரஸ்ட் கன்வர்ட்டர்) தடவி, ரெட் ஆக்சைடு அடித்து, பெயின்ட் பூசிக் காயவிடுங்கள்.

இதுதான் வெப்பத் தடுப்பு போடும் நேரம். சாக்கு ஃபெல்ட் வேண்டாம், ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் குடிக்காத கறுப்பு நைட்ரைல் ஃபோம், ஆறு மில்லிமீட்டர் போதும். அதிகம் போட்டால் கம்பியில் முட்டித் துணி கீழே உப்பும். உள் விளக்குக்குப் புது வயர் ஓட்டி, கூடவே ஒரு நூலையும் விட்டு வையுங்கள். பின்னால் வேறு வயர் இழுக்க வேண்டுமென்றால் உதவும்.

ஓர் இடைச்செருகல். ஐம்பது வருடம் கடந்த, சேசிஸோ பாடியோ எஞ்சினோ பெரிதாக மாற்றாத வண்டிகளை வின்டேஜ் என்று 'விஏ' வரிசை எண்ணில் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. லைனிங் மாற்றுவது இதற்குக் குறுக்கே வராது. ஆனால் கூரைதான் திறந்திருக்கிறதே, சன்ரூஃப் ஒன்று வெட்டிவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வெட்டுதலும் தைத்தலும்

பழைய துணியைத் தரையில் விரித்து, தையல்களைப் பிரிப்பதற்கு முன் நடுக்கோட்டை முன்னிருந்து பின்வரை சாக்குக்கட்டியால் போடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எண், முன்பக்கம் காட்டும் அம்புக்குறி. அப்புறம் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டையும் நடுக்கோட்டில் மடித்துப் பார்த்தால் இரண்டு பாதியும் ஒன்றாக இருக்காது. ஒரு பக்கம் நைந்து இழுபட்டிருக்கும். கெடாத பாதியை அளவாக வைத்து மறுபாதியையும் அதன்படியே வெட்டுங்கள்.

பழைய ரெக்ஸின் சுருங்கியிருக்கும் என்பதால் ஓரங்களில், அதாவது முன், பின், பக்க விளிம்புகளில், நான்கு விரல் கூடுதலாக விடுங்கள். துண்டும் துண்டும் சேரும் இடத்தில் கூடுதல் விடவே கூடாது. அங்கே ஒரு சென்டிமீட்டர் கூடினால் கம்பிக்குக் கம்பி துணி தொய்ந்து நிற்கும். இன்னொன்று, ரெக்ஸின் ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் இழுபடும். கையால் இழுத்துப் பார்த்து, எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்டுங்கள்.

தையலை வீட்டு மிஷினில் செய்ய முடியும், ஆனால் நீண்ட தையல், தடித்த ஊசி வேண்டும். மிஷின் பழக்கம் இல்லையென்றால் வெட்டியதை குஷன் கடையில் கொடுத்துத் தைத்து வாங்குவது புத்திசாலித்தனம். கொடுக்கும்போது நடுக்கோட்டு வெட்டுக்குறிகள் எல்லாத் துண்டிலும் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். காடா உறை, கம்பி தாராளமாக ஓடும் அகலத்தில், துண்டுகளோடு சேர்த்து ஒரே தையலில் பிடிக்கப்பட வேண்டும்.

மாட்டுதல்

தைத்து வந்த துணியை வெயிலில் ஒரு மணி நேரம் காயப்போட்டு, சூடாக இருக்கும்போதே வண்டிக்குள் கொண்டுபோங்கள். கம்பிகளை எண் பார்த்து உறையில் கோத்து, ஒவ்வொரு கம்பியின் நடுவிலும் துணியின் நடுக்குறி வருமாறு சரி செய்யுங்கள். வைசர், கைப்பிடி, விளக்கு திருகுகளைத் துணி ஏற்றும் முன்பே அவற்றின் ஓட்டைகளில் பாதி முறுக்கி விட்டுவிடுங்கள். துணி வந்தபிறகு தடவிப் பார்த்தால் முட்டாக விரலில் தெரியும். இல்லாவிட்டால் ஊசியால் குத்திக் குத்தித் தேட வேண்டியதுதான்.

பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கடைசிக் கம்பியை ஓட்டையில் உட்காரவைத்து, கொக்கி இருந்தால் மாட்டி, முன்னோக்கி வாருங்கள். எல்லாம் ஏறியதும் துணி கோயில் பந்தல் போலத் தொய்ந்து நிற்கும். பயப்பட வேண்டாம்.

பின் கண்ணாடி விளிம்பில் நடுவில் ஒரு கிளிப். முன் கண்ணாடி விளிம்பில் நடுவில் துணியை இழுத்து ஒரு கிளிப். அதிலிருந்து இரு பக்கமும் கையகலத்துக்கு ஒரு கிளிப்பாக, முன்னும் பின்னும் மாறி மாறிப் போடுங்கள். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் தையல் வளைந்துவிடும். கம்பிகள் நேராக நிற்கின்றனவா என்று பின் சீட் இடத்தில் முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்.

பக்கவாட்டில் தையல் முடியும் இடத்தை முதலில் இழுக்க வேண்டும். தையல்களுக்கு நடுவிலுள்ள துணி அப்புறம். இழுக்கும்போது கம்பி முனைக்குப் பக்கத்தில் துணி கிட்டிப் பிடித்துச் சுருக்கம் விழும். காடா உறை நீளமாக இருப்பதுதான் காரணம். உறையை மட்டும், ரெக்ஸினை அல்ல, முனையிலிருந்து ஒரு விரல் அளவு வெட்டிவிடுங்கள். திரும்ப இழுத்துப் பாருங்கள். போதவில்லையா, இன்னொரு விரல். ஒரேயடியாக வெட்டினால் துணி கம்பியை விட்டுத் தொங்கும், அதற்கு மருந்து இல்லை. இந்த இடத்தில் அரை நாள் போனாலும் பரவாயில்லை. மொத்த வேலையின் அழகும் இங்கேதான் தீர்மானமாகிறது.

எல்லாக் கிளிப்பும் போட்ட நிலையில் வண்டியை ஒரு முழுநாள் வெயிலில் விடுங்கள், இரவு அப்படியே இருக்கட்டும். மறுநாள் துணி இளகியிருக்கும். கிளிப்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இன்னும் கொஞ்சம் இழுத்து மாட்டுங்கள். அதன்பிறகுதான் பசை டப்பாவைத் திறக்க வேண்டும்.

பசை தகட்டு விளிம்பிலும் துணியின் பின்புறத்திலும், இரண்டிலும் மெல்லியதாகப் பூச வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். விரல் வைத்தால் ஒட்டுவது போல் இருந்து, விரலோடு வராத பதம் வந்ததும் அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு தடவையில் முழங்கை நீளத்துக்கு மேல் கிளிப்பைக் கழற்றாதீர்கள். கதவுகள் திறந்திருக்கட்டும். பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் வேண்டாம், இந்தப் பசையின் ஆவி குப்பென்று பற்றும். துணியின் முகப்பில் சொட்டிவிட்டால் தின்னரால் துடைக்க ஓடாதீர்கள், ரெக்ஸினின் நிறமே வந்துவிடும். காயவிட்டு விரலால் உருட்டி எடுத்தால் போதும்.

வளைந்த மூலைகளில் மடிப்பு விழும். விளிம்பின் பின்னால் மறையப்போகும் பகுதியில் மட்டும் சிறு வி வடிவ வெட்டுகள் போட்டு விரித்து ஒட்டுங்கள். பின் கண்ணாடிக்கு இரு பக்கமும் உள்ள தூண் துண்டுகள்தான் ஆகக் கடினம். அவற்றைக் கடைசிக்கு வையுங்கள், அதற்குள் கை பழகியிருக்கும். மிச்சம் மீதிச் சுருக்கத்துக்கு ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். பட்டறை ஹீட் கன் வேண்டாம், இரண்டு விநாடியில் ரெக்ஸின் பளபளப்பாகி உருகிவிடும்.

திரும்ப எல்லாம்

கண்ணாடி ஏற்ற, ரப்பரை முதலில் கண்ணாடியில் சுற்றி மாட்டி, தகடு உட்காரும் பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றிப் போட்டு இரு முனைகளையும் கீழ் நடுவில் உள்பக்கமாகத் தொங்கவிடுங்கள். விளிம்பெல்லாம் சோப்புத் தண்ணீர். வெளியே ஒருவர் உள்ளங்கையால் தட்டித் தள்ள, உள்ளே நீங்கள் கயிற்றை விளிம்புக்குக் குறுக்காக இழுக்க இழுக்க ரப்பர் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே வரும். கயிறு வரும்போது துணி விளிம்பு சேர்ந்து வருகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும். வரவே கூடாது, பசை ஒரு நாள் காய்ந்திருந்தால் வராது.

விளக்குக்கு வட்டமாக வெட்டாதீர்கள். சின்னதாகப் பெருக்கல் குறி போல் கிழித்து, வயரை இழுத்து, நான்கு முக்கோணங்களையும் உள்ளே மடித்துவிடுங்கள். வைசர் திருகு முட்டும் இடத்தில் கூர் ஊசியால் ஒரு துளை, அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்து, கண்ணாடியின் மேல் விளிம்பில் ஹோஸ் தண்ணீரை மெதுவாக விட்டு, உள்ளே ஒருவரை டார்ச்சோடு உட்காரவையுங்கள். மேல் மூலைகளில் ஈரம் தெரிந்தால், வெளி உதட்டைத் தூக்கிக் கண்ணாடி சீலன்ட் விடுங்கள். துணியைப் பிரிக்க வேண்டியதில்லை, பிரிக்கவும் வேண்டாம்.

பழைய துண்டுகளைச் சுருட்டி டிக்கியில் ஓரமாக வைத்திருங்கள், எண்களோடு.